குழாயை மூடச் சொன்ன பறை

ஆங்கில அகராதியில் ‘டட்டூ’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று சொற்கள் இருக்கின்றன. ஒன்று, இன்று இளைஞர்கள் கையிலும் கழுத்திலும் குத்திக்கொள்ளும் பச்சை. இது பாலினீசியத் தீவுகளின் சொல். 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவில் நின்றபோது ஆங்கிலேயர் கேட்டு எழுதிக்கொண்டது. இரண்டாவது, நாட்டு மட்டக்குதிரை. இந்துஸ்தானி மொழியின் ‘டட்டு’தான் இது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதற்குத் தனிப் பதிவு உண்டு. மட்டக்குதிரையைத் தமிழில் தட்டுவாணி என்று சொன்னதும் இந்த உறவில்தான். மூன்றாவது, படைமுகாமில் இரவு நேரத்தில் அடிக்கும் பறை. அதிலிருந்து வளர்ந்து இன்று ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்க்கும் ராணுவ இசை அணிவகுப்பு. எடின்பரோ கோட்டை முகப்பில் 1950 முதல் நடந்துவரும் ‘மிலிட்டரி டட்டூ’ இந்த மூன்றாவதைச் சேர்ந்தது. இந்த இசைச்சொல் டச்சு மொழியில் பிறந்தது. அதன் பிறப்பை நிறுவும் முறை, தமிழில் சொல்லாராய்ச்சி செய்வோர் அவசியம் கவனிக்க வேண்டியது. ஒரு சொல்லின் ஊரைக் கண்டுபிடிக்க ஒலி ஒப்புமை போதாது. அந்தச் சொல்லால் யார் யாருக்கு என்ன ஆணை இட்டார்கள் என்ற வரலாறும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சபலம் உடனே எழும். பறையைத் தட்டுகிறோம்; ‘தட்டு’ என்பது தமிழ் வினை; மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று திராவிட மொழிகள் பலவற்றிலும் அது பரவிக் கிடக்கிறது. பரதநாட்டியத்தில் முதல் பாடமே தட்டடவு. நட்டுவனார் கையில் இருப்பது தட்டுக்கழி. அப்படியிருக்க, பறையொலியைக் குறிக்கும் ‘டட்டூ’ நம் ‘தட்டு’தான் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது, ஆங்கிலேயர் முந்நூறு ஆண்டுக்கு மேல் இந்தக் கடற்கரையில் இருந்தும் இருக்கிறார்கள். மேடையில் இப்படிச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லின் பிள்ளை என்று சொல்ல மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அது முதலில் எழுத்தில் வருவது எந்த ஆண்டு, எந்த ஊரில்? முதல் வடிவத்துக்கும் இன்றைய வடிவத்துக்கும் இடையில் இருந்த வடிவங்கள் எவை? ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்கு அதைக் கொண்டுபோன ஆட்கள் யார்? இந்த மூன்றையும் வைத்து ‘டட்டூ’வைச் சோதித்தால் ‘தட்டு’ முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

முதல் கேள்விக்கு இங்கிலாந்திலேயே தெளிவான பதில் இருக்கிறது. 1642இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் நாட்டிங்ஹாம் நகரம் நாடாளுமன்றப் படையின் வசம் இருந்தது. அங்கே ஆளுநராக இருந்தவர் கர்னல் ஜான் ஹட்சின்சன். 1644இல் தம் காவற்படைக்கு அவர் வகுத்த விதிகளில் ஒன்று குடியைப் பற்றியது. இரவு ஒன்பது மணிக்கு இந்தப் பறை அடித்த பிறகு மதுக்கடையிலோ விடுதியிலோ எவனாவது குடித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் அபராதம். ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்கு அது. சாதாரணச் சிப்பாய்க்கு வலிக்கக்கூடிய தொகை. இந்த விதியில் சொல்லின் வடிவம் ‘டட்டூ’ அல்ல, ‘டப்டூ’. நடுவில் ‘ப்’ இருக்கிறது. இந்த ஒற்றை எழுத்துதான் வழக்கின் முக்கியச் சாட்சி. தமிழ் ‘தட்டு’விலிருந்து வந்திருந்தால் மிகப் பழைய வடிவத்தில் ‘ப்’ நுழைய வழியே இல்லை. காலமும் இடமும்கூட ஒத்துவரவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த அந்தக் காவற்படை வேறு எங்கிருந்தோ தன் பறைமொழியைக் கற்றிருக்கிறது.

இடைவடிவம் பற்றிய கேள்வியைத் தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. சப்தம் நம் வாயில் சத்தமாகிறது, பக்தி பத்தியாகிறது, முக்தி முத்தியாகிறது. அடுத்தடுத்து நிற்கும் இரு வல்லொலிகளில் முன்னது பின்னதன் நிறத்தை ஏற்றுக்கொள்வது மனித வாயின் பொது வழக்கம். ‘டப்டூ’ என்ற சொல் ‘டட்டூ’ ஆனதும் அதே வழியில்தான். எனவே இரண்டு வடிவங்களில் எது முந்தியது என்பதை ஏட்டின் ஆண்டும் சொல்கிறது, ஒலியின் போக்கும் சொல்கிறது. ‘சத்தம்’ என்பதை மட்டும் பார்த்தவர் அதன் மூலத்தில் ‘ப்’ இருந்ததை ஊகிக்க முடியாது. ‘டட்டூ’வை மட்டும் பார்த்து ‘தட்டு’ என்று சொல்பவரும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்.

இனி, சொல்லைக் கொண்டுவந்த ஆட்கள். ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராக நெதர்லாந்து நடத்திய போர் 1568 முதல் 1648 வரை நீண்டது. 1585இல் எலிசபெத் அரசி டச்சுக்காரருக்குத் துணையாக லெஸ்டர் பிரபுவின் தலைமையில் படை அனுப்பினார். அதன் பிறகும் பல்லாண்டுகள் ஆங்கிலப் படைப்பிரிவுகள் டச்சுச் சம்பளத்தில் போரிட்டன. உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரு தரப்பிலும் போர் தெரிந்தவர்கள் என்று மதிக்கப்பட்டவர்களில் பலர் அந்தக் களத்தில் பழகியவர்கள். படையினரின் விடுப்பைக் குறிக்கும் ‘ஃபர்லோ’, முதுகில் சுமக்கும் பையைக் குறிக்கும் ‘நாப்சாக்’ ஆகியவையும் அந்தப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவையே. ஆக, சொல் மட்டும் தனியாக வரவில்லை. ஒரு தொழிலின் சொற்கள் கூட்டமாக வந்தன. டச்சு மொழியில் ‘தப்’ என்றால் மதுப் பீப்பாயின் குழாய். ‘தூ’ என்றால் மூடிய நிலை. இன்றும் கதவு மூடியிருக்கிறது என்பதை டச்சுக்காரர் ‘தூ’ போட்டுச் சொல்கிறார்கள். ‘தப்தூ’ என்றால் குழாயை மூடு. பறை அடித்ததும் கடைக்காரன் பீப்பாயை மூட வேண்டும், சிப்பாய் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும். அபராத விதி மதுக்கடையைப் பற்றியதாக இருந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

இவ்வளவு தெளிவான வழக்கில் ஆங்கிலேயரே ஒரு காலத்தில் தவறியிருக்கிறார்கள். 1755இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற அகராதியில் சாமுவேல் ஜான்சன் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து வருவித்தார். ‘எல்லாரும் தட்டுங்கள்’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுத் தொடர் மருவி ‘டட்டூ’ ஆயிற்று என்பது அவர் கணக்கு. ஜான்சன் செய்ததும், ‘தட்டு’ என்று நாம் செய்ய நினைப்பதும் ஒரே காரியம்தான். கையில் இருப்பது பறை. பறை என்றால் தட்டுதல். எனவே தட்டுதலைக் குறிக்கும் சொல்லைத் தேடு. ஓசை நெருங்கினால் முடிந்தது வேலை. பேரறிஞர் ஒருவரும் இப்படி வழிதவற முடிந்தது என்பது, ஓசை எவ்வளவு பெரிய மயக்கத்தைத் தரும் என்பதற்கு அளவுகோல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொற்பிறப்பியல் ஓர் ஒழுங்குமுறையாக வளர்ந்து, பழைய வடிவங்களை ஏடு ஏடாகத் தேடத் தொடங்கிய பிறகே இந்தப் பிரெஞ்சுக் கதை அகராதிகளிலிருந்து போயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ‘டப்’ என்ற பழைய வடிவமே தட்டும் ஓசையாக ஏன் இருக்கக்கூடாது? ஆங்கிலத்தில் ‘டேப்’ என்பதற்கு மெல்லத் தட்டுதல் என்றும் பொருள் உண்டல்லவா? உண்டு. குழாயும் தட்டுதலும் ஒரே ஒலியில் இருப்பதால் ஆங்கிலத்தையும் டச்சையும் மட்டும் வைத்து இந்த மறுப்பை முழுமையாக வீழ்த்துவது கடினம். பக்கத்து மொழிகள் அதைத் தீர்த்துவைக்கின்றன. ஜெர்மன் மொழியில் இதே இரவுப்பறையின் பெயர் ‘ட்ஸாப்ஃபென்ஷ்ட்ரைஷ்’. இதில் ‘ட்ஸாப்ஃபென்’ என்றால் பீப்பாயின் அடைப்பான், ‘ஷ்ட்ரைஷ்’ என்றால் அடி. டேனிஷ் மொழியில் ‘தப்பென்ஸ்த்ரை’, அமைப்பு அதுவே. அடித்தலுக்கு இந்த மொழிகள் தனிச் சொல் சேர்த்திருக்கின்றன. முதற்பகுதியும் தட்டுதலையே குறிப்பதாக இருந்தால் ‘தட்டு-அடி’ என்று வெற்றுக் கூறலாகிவிடும். ஜெர்மன் ‘ட்ஸாப்ஃபென்’ தட்டும் ஓசையாக இருக்கவும் வழியில்லை. அது அடைப்பானைக் குறிக்கும் அன்றாடச் சொல். மூன்று மொழிகள் இரண்டு விதமாகக் கட்டிய பெயர்களில் பொதுவாக நிற்பது பீப்பாய் ஒன்றே. எனவே சொல்லின் கரு மதுக்கடையில்தான் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. குழாயை மூடச் சொன்ன கதை இவ்வளவு அழகாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம். சொல்லுக்கு விளக்கம் தெரியாதவர்கள் பின்னால் கட்டிய கதையாக இருக்கக்கூடாதா? இந்த எச்சரிக்கை நல்லது. உண்மையில் இந்தச் சொல்லைச் சுற்றிக் கட்டுக்கதைகள் வளர்ந்தும் இருக்கின்றன. பறைக்காரன் தெருத்தெருவாகப் போய்க் குழாயை மூடுங்கள் என்று முழு வாக்கியமாகக் கத்தினான் என்பார்கள். ஜெர்மானியர் பக்கம் தளபதி வாலன்ஸ்டைன்தான் இந்த ஆணையை முதலில் போட்டார் என்றும், பீப்பாயின் அடைப்பான்மேல் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தார்கள் என்றும் சொல்வார்கள். இவற்றை நம்ப வேண்டிய கட்டாயமில்லை. கதைகளை உரித்து எறிந்த பிறகும் மூன்று கனமான சான்றுகள் மிஞ்சுகின்றன: 1644ஆம் ஆண்டின் எழுத்து வடிவம், அதே விதியில் மதுக்கடையும் பறையும் சேர்ந்து வருவது, ஜெர்மன் டேனிஷ் பெயர்களின் சாட்சி. எந்த ஒன்று தனியாக நின்றாலும் சந்தேகப்படலாம். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டும்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தச் சொல்லுக்கு உரியவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். கடலூர் மாவட்டக் கரையில் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் டச்சுக் கம்பெனியின் பண்டகசாலைகள் இருந்தன. வடக்கே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை, சதுரங்கப்பட்டினத்தில் இன்னொரு கோட்டை. தெற்கே 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த நாகப்பட்டினம். 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை அங்கே டச்சுக் காவற்படை இருந்தது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் இருந்தார்கள். ஆக, ‘தப்தூ’ பேசியவர்களும் ‘தப்பென்ஸ்த்ரை’ பேசியவர்களும் ஒரே கடற்கரையில் அக்கம்பக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள். டச்சுச் சொற்கள் தமிழில் ஏறவும் செய்தன. ‘துட்டு’ டச்சுச் செப்புக் காசின் பெயர். ‘கக்கூஸ்’ டச்சு வீட்டின் கழிப்பறை. ஈழத்தில் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் டச்சுதான். அப்படியிருந்தும் ‘தப்தூ’ தமிழ் வழக்கில் வேர்விடவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். காசு சந்தையில் கைமாறுகிறது. கழிப்பறையைக் கழுவ உள்ளூர் ஆள் வருகிறான். அலுவலகத்தில் மனுக் கொடுக்க நிற்கிறான். அந்தச் சொற்கள் தமிழர் வாயில் புழங்கியாக வேண்டிய சொற்கள். ‘தப்தூ’ கோட்டைக்குள் இருந்த சிப்பாய்க்கு இட்ட ஆணை. வெளியே இருந்தவருக்கு அது இரவில் கேட்கும் ஒரு பறையொலி, அவ்வளவுதான். ஆணை யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவரிடமே சொல் தங்குகிறது.

கோட்டையின் இசையே வெளியே வரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அதற்கு நேர் எதிர்ச் சான்று. ஆங்கிலப் படையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அந்த வகையின் பெயரிலேயே ஆங்கில ‘நோட்’ உட்கார்ந்திருக்கிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய வாத்தியக் குழுவே வைத்திருந்தார். பேண்டு, பிடில், கிளாரினெட் என்று வாத்தியப் பெயர்களும் தாராளமாக வந்தன. இவை எல்லாம் வந்தபோது ‘டட்டூ’ மட்டும் வராதது என் வாதத்தைக் குலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. மெட்டு காதுக்கு இனித்தால் எல்லை தாண்டும். வாத்தியம் வாசிக்க ஆள் கிடைத்தால் பெயரோடு வரும். ஆணை அப்படி அல்ல. அது செல்லுபடியாகும் இடத்துக்கு வெளியே அதற்குப் பிழைப்பில்லை. ‘டட்டூ’ இசைச்சொல் ஆவதற்கு முன் காவல் விதியின் சொல்லாக இருந்தது என்பதற்கு, தமிழில் அது இல்லாமல் போனதும் ஒரு சிறு துணைச்சான்று.

அதே வகை ஆணைப்பறை தமிழகத்திலும் இருந்தது. அதற்கு நம்மிடம் வேறு சொற்கள் இருந்தன. பேரூராட்சியோ வருவாய்த்துறையோ வரி, ஏலம், தண்ணீர் பற்றி அறிவிக்கத் தண்டோரா போட்டது. அந்தச் சொல்லும் நம்முடையதல்ல. இந்தியிலும் தெலுங்கிலும் அதன் உறவுகள் உள்ளன. அதைவிடப் பழையது பறை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாட வினை அது. வாத்தியத்தின் பெயரிலேயே அறிவிப்பு அடங்கியிருக்கிறது. இந்தப் பறையின் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்த வரலாறு ‘தப்தூ’வின் வரலாற்றுக்கு அருகில் வைத்துப் பார்க்கத் தக்கது. பறையடிக்கும் கடமையைச் சாதி சுமத்திய மக்களின் பெயர் போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் ‘பரையா’ என்றும் டச்சில் ‘பாரியா’ என்றும் விலக்கி வைக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. டச்சுச் சொல்லில் பீப்பாய் மறைந்து இசை மிஞ்சியது. தமிழ்ச் சொல்லில் இசை மறைந்து இழிவு மிஞ்சியது. இரண்டையும் முடிவு செய்தது ஒலி அல்ல. பறையை அடித்தவருக்கு அந்தச் சமூகம் கொடுத்த இடம். நெதர்லாந்தின் பறைக்காரன் சம்பளம் வாங்கிய படைவீரன். நம் ஊர்ப் பறைக்காரருக்கு அது பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை. 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றும் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றும் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதன் பின்னணி இதுதான்.

‘தப்தூ’ ஆணையிலிருந்து கலையாக மாறிய பாதையும் ஏட்டில் பதிந்தே இருக்கிறது. இரவுப்பறைக்கு முன்னும் பின்னும் குழலும் எக்காளமும் சேர்ந்தன, ஊரார் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள், அடிப்பது நீண்டது. 1838இல் பெர்லினில் இசையமைப்பாளர் வில்ஹெல்ம் வீப்ரெக்ட் அதைப் பெரும் இசை நிகழ்ச்சியாகவே நடத்தினார். பிரிட்டிஷ் படையில் இரவுக் காவலைச் சரிபார்த்து முடித்ததற்கு ஊதிய ‘லாஸ்ட் போஸ்ட்’ இந்த வரிசையின் ஒரு பகுதி; இன்று நம் நாட்டில் ராணுவ மரியாதையுடன் நடக்கும் அடக்கங்களில் ஊதப்படுவது அதுதான். அமெரிக்கப் படையில் 1862இல் பட்டர்ஃபீல்டு என்ற தளபதி திருத்தி அமைத்த இருபத்துநான்கு சுரங்கள் கொண்ட இரவுக் குழலோசைக்கு ‘டேப்ஸ்’ என்று பெயர்; அதில் பழைய ‘டப்’ இன்னும் ஒட்டியிருக்கிறது. சொல் பிறந்த நெதர்லாந்தில் 1954இல் தேசிய ‘தப்தூ’ விழா தொடங்கிய ஊர் டெல்ஃப்ட்.  தில்லியில் ஒவ்வொரு ஜனவரி 29ஆம் நாளும் விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சி இதற்கு நெருங்கிய உறவு. அது சூரியன் சாயும் வேளைக்கு உரியது. ‘டட்டூ’ அதற்குப் பின் இரவுக்கு உரியது. இன்று இரண்டிலும் மதுக்கடைக்கு இடமில்லை. பொருள் இவ்வளவு தூரம் நகர்ந்த பிறகு, இன்றைய பயன்பாட்டை மட்டும் வைத்து மூலத்தைத் தேடுவது வீண்வேலை.

தமிழ் இசைச் சொற்களைப் பற்றிய நம் விவாதங்களுக்கும் இதே தராசு வேண்டும். தவில் என்ற பெயரைத் துருக்கியரின் ‘தாவுல்’, சிங்களரின் ‘தவுல’ ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஒரு தரப்பு ஒரு முடிவு சொல்கிறது; தமிழ் வேரைக் காட்டி மறுதரப்பு இன்னொரு முடிவு சொல்கிறது. ஓசையை மட்டும் வைத்துப் பேசும்வரை இரு தரப்பும் ஜான்சனின் பிரெஞ்சுத் தொடரைத் தாண்டவில்லை. எந்தக் கல்வெட்டில், எந்த நூலில், எந்த ஆண்டில், எந்த வடிவில் அந்தப் பெயர் முதலில் வருகிறது, அதை வாசித்தவருக்கு மானியமோ சம்பளமோ கொடுத்தது யார், எந்த வேளைக்கு, எந்தச் சடங்குக்கு வாசித்தார்கள் என்பதைத் திரட்டினால்தான் பேச்சு முன்னேறும். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனி விட்டுச்சென்ற ஆவணங்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் இருக்கின்றன. அவற்றைத் தமிழ்க் கண்ணோடு படிக்க டச்சு தெரிந்த தமிழாய்வாளர்கள் தேவை. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது அந்த மொழி கற்க அனுப்பட்டும். துட்டுக்கும் கக்கூஸுக்கும் அப்பால் அந்த ஏடுகளில் நமக்கு என்ன இருக்கிறது என்பதை ஊகத்துக்கு விடாமல் ஆவணத்தைக் காட்டியே பேசலாம்.